வைக்கிங்குகள் பகடை உருட்டினார்களா?

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரர்கள் சாமான் ஒழித்தபோது கொடுத்ததாம். மூடியில் தாடிக்கார ஆட்கள் சிலர் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு ஒரு கப்பலில் நிற்கிறார்கள். உள்ளே ஒரு கை நிறையப் பகடைகள், ஒரு கத்தை அட்டைகள். பகடையில் புள்ளிகளுக்குப் பதிலாகக் கோடாரி, கேடயம், கப்பல், மதுக்கொம்பு என்று படங்கள். எல்லாம் பத்திரமாக இருந்தது, விதிப்புத்தகம் மட்டும் இல்லை.

"அப்புறம் எப்படிடா விளையாடுறீங்க?"

"நாங்களே கண்டுபிடிச்சிட்டோம் மாமா."

கண்டுபிடித்தது இதுதான். பகடை எல்லாவற்றையும் உருட்ட வேண்டும். ஒரே படம் விழுந்ததைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை மறுபடி உருட்டலாம். மூன்று முறைதான். சேர்ந்த படத்துக்குத் தகுந்த அட்டையை எடுக்கலாம். ஒரே இன அட்டைகள் சேரச் சேர மதிப்பு கூடும். ஒரு கேடயம் இருந்தால் ஒரு புள்ளி, இரண்டு இருந்தால் மூன்று, இப்படி. இந்த வகை விளையாட்டுகள் நிறைய ஆடியவன் என்கிற முறையில் சொல்கிறேன், பையன்கள் ஊகித்தது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். உருட்டுவது, சேர்ப்பது, இன்னொருத்தன் சேர்ப்பதற்குள் தட்டிப் பறிப்பது. இந்த வகைக்கு அடிப்படையே இவ்வளவுதான்.

இரண்டு ஆட்டம் தோற்ற பிறகு அவன் கேட்டான்: "மாமா, வைக்கிங்ஸ் நிஜமாவே இப்படித்தான் விளையாடினாங்களா?"

தெரியும் என்று நினைத்து வாயைத் திறந்தேன். அப்புறம் மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் படித்ததன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

முதலில் எளிதானதை முடித்துவிடுவோம். கொம்பு வைத்த தலைக்கவசம் பொய். 1876ல் ஜெர்மனியின் பைராய்த் நகரில் வாக்னரின் இசை நாடகங்கள் அரங்கேறியபோது ஆடை வடிவமைத்த கார்ல் எமில் டோப்ளர் போட்டுவிட்ட கொம்பு அது, இன்றுவரை கழலவில்லை. அதேபோல், 2020ல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா' வீடியோ கேமில் ஊர் ஊராக உட்கார்ந்து எல்லோரும் ஆடுவார்களே, 'ஓர்லாக்' என்று ஒரு பகடை விளையாட்டு, அதுவும் பழசு இல்லை. கேமை உருவாக்கியவர்களே கற்பனை செய்தது. பெயர் மட்டும் பழைய நார்ஸ் மொழியில் விதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஆட்டம் நன்றாக இருந்ததால் பிறகு நிஜப் பகடைகளோடு பெட்டியில் போட்டும் விற்றார்கள். இன்னும் நூறு வருஷம் கழித்து யாராவது தோண்டி எடுத்தால் என்ன முடிவுக்கு வருவார்களோ.

சரி, உண்மையில் என்ன இருந்தது?

வைக்கிங் காலம் என்று பொதுவாகச் சொல்வது 793ல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடாலயம் சூறையாடப்பட்டதில் தொடங்கி 1066 வரை. இந்தக் காலத்தில் ஸ்காண்டிநேவியர்களிடம் பகடை இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. கல்லறைகளிலும் பழைய வணிக நகரங்களின் மண்ணிலும் கிடைத்திருக்கிறது. மான்கொம்பிலோ எலும்பிலோ செய்தது. ஆனால் நாம் நினைக்கிற சதுரக் கட்டையாக இல்லாமல் நிறைய பகடைகள் நீளவாக்கில் இருக்கின்றன. நம்ம தாயக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்தச் சாயல், கொஞ்சம் குட்டை. (உடனே "தமிழன் அங்கேயும் போயிருக்கான்" என்று கமெண்ட் போட வேண்டாம். நீளமான எலும்பில் நாலு பக்கமும் புள்ளி குத்தலாம் என்று எந்த ஊர்க்காரனுக்கும் தோன்றும்.) நீளப் பக்கங்களோடு இரண்டு முனைகளிலும் புள்ளி குத்தியவையும் உண்டு. அப்படிப்பட்ட கட்டை முனையில் நிமிர்ந்து நிற்பது அபூர்வம். ஆக, ஆறு எண் இருந்தாலும் நடைமுறையில் நாலுதான் விழும்.

பகடை பற்றிய கதை என்று எடுத்தால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டூர்லூசன் 1230 வாக்கில் நார்வே அரசர்களின் வரலாற்றை 'ஹைம்ஸ்கிரிங்லா' என்ற தொகுப்பாக எழுதினார். அதில் வருகிறது.

நார்வே அரசன் ஓலாஃப் ஹாரல்ட்சன். ஸ்வீடன் அரசனுக்கும் பெயர் ஓலாஃப்தான். இரண்டு பேரும் எல்லையில் சந்தித்து சமாதானம் பேசுகிறார்கள். ஏறக்குறைய 1020ஐ ஒட்டி நடந்ததாக வைத்துக்கொள்ளலாம். எல்லாம் பேசி முடித்த பிறகு ஹீசிங் தீவில் ஒரு பகுதி மிஞ்சுகிறது. அது சில காலம் நார்வேயிடம் இருந்திருக்கிறது, சில காலம் அந்தப் பக்கம் இருந்திருக்கிறது. இரண்டு அரசர்களும் பகடை போட்டு முடிவு செய்துகொள்வதாக ஒப்புக்கொள்கிறார்கள். யாருக்கு அதிகம் விழுகிறதோ அவருக்கு நிலம்.

ஸ்வீடன் அரசன் முதலில் போட்டான். இரண்டு ஆறு. இனி நீ போட்டு என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரி ஒரு பேச்சு. நார்வே அரசன் பகடையைக் கையில் எடுத்துக் குலுக்கிக்கொண்டே, அதில் இன்னும் இரண்டு ஆறு இருக்கிறதே, கடவுள் நினைத்தால் திருப்பிப் போடுவது பெரிய காரியமா என்று சொல்லிவிட்டுப் போடுகிறான். இரண்டு ஆறு. ஸ்வீடன் அரசன் மறுபடி போடுகிறான், மறுபடியும் இரண்டு ஆறு. நார்வே அரசன் கடைசியாகப் போட்டபோது ஒரு பகடை ஆறு காட்டியது. மற்றது இரண்டாகப் பிளந்துவிட்டது. பிளந்த துண்டுகளில் மொத்தம் ஏழு புள்ளி. ஆறும் ஏழும் பதிமூன்று! நிலம் நார்வேக்கு.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த ஏழுதான். ஒரு துண்டு ஆறு மேலாகவும் இன்னொன்று ஒன்று மேலாகவும் கிடந்தால்தான் ஏழு வரும். அதாவது கதை சொன்னவர் மனதில் இருந்தது ஆறுக்கு நேர் எதிர்ப் பக்கம் ஒன்று இருக்கிற பகடை. இன்றைக்குக் கடையில் விற்கிற பகடையில் எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டினால் ஏழு வருமே, அந்த அமைப்பு. இந்தக் கணக்கை யோசித்துத்தான் கதையைக் கட்டியிருக்கிறார்கள். இரண்டு பகடையில் தொடர்ந்து மூன்று முறை இரண்டு ஆறு விழ வாய்ப்பு 46,656ல் ஒன்று. அந்தத் தாயக்கட்டை மாதிரியான நீளப் பகடையாக இருந்தால் 4,096ல் ஒன்று. பிளப்பதற்கு வாய்ப்பு என்ன என்று எந்தக் கணக்கும் சொல்லாது. ஓலாஃப் 1030ல் ஸ்டிக்லெஸ்டாட் போரில் செத்து, அடுத்த வருஷமே புனிதராக அறிவிக்கப்பட்டவர். ஸ்னோரி எழுதும்போது சம்பவம் நடந்து 200 வருஷம் ஆகிவிட்டது. ஆக இது புனிதர் செய்த அற்புதக் கதை என்றே வாசிக்க வேண்டும்.

தீவு என்ன ஆனது? ஹீசிங்கன் இப்போது ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்தோடு சேர்ந்து கிடக்கிறது. ஆனால் 1658 வரை அது ஸ்வீடனுக்கும் நார்வேக்கும் பங்கு பிரிந்த தீவாகத்தான் இருந்தது. பகடை தீர்த்துவைத்ததாகச் சொன்ன தகராறு ஆறு நூற்றாண்டு இழுத்திருக்கிறது.

இன்னொரு பகடையையும் சொல்லிவிடுகிறேன். 2018ல் நார்வேயின் பெர்கன் நகரில் தோண்டியபோது 600 வருஷப் பழமையான ஒரு மரப் பகடை கிடைத்தது. கழுவிப் பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. பதிலாக நாலும் ஐந்தும் இரண்டிரண்டு தடவை! திருட்டுப் பகடை. வைக்கிங் காலம் முடிந்து வெகுநாள் கழித்துச் செய்தது. நார்வேயில் 1276ஆம் வருஷ நகரச் சட்டமே பகடைச் சூதாட்டத்தைத் தடை செய்திருந்தது. அந்தச் சட்டத்துக்கும் மேலே ஒருத்தன் எதிராளியையும் ஏமாற்றியிருக்கிறான். மாட்டிக்கொண்டு தூக்கி எறிந்தானா, மாட்டாமல் இருக்கத் தூக்கி எறிந்தானா?

இவ்வளவு சொன்ன பிறகும் மருமகன் கேள்விக்கு "ஆமாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், கல்லறைகளில் கிடைக்கிறவற்றில் பகடைகள் சொற்பம். கொட்டிக் கிடப்பது வேறு, பலகை விளையாட்டின் காய்கள்.

எஸ்தோனியாவின் சாரெமா தீவில் சால்மே என்று ஒரு கிராமம். 2008ல் சைக்கிள் பாதையை ஒட்டி மின்கேபிள் பதிக்கத் தோண்டியவர்கள் மனித எலும்புகளைப் பார்த்தார்கள். ஒரு படகு, அதில் ஏழு பேர். 2010ல் பக்கத்திலேயே இன்னும் பெரிய கப்பல் ஒன்று, அதில் 34 பேர், அடுக்கடுக்காக. காலம் சுமார் 750. அதாவது லிண்டிஸ்ஃபார்னுக்கு ஒரு தலைமுறைக்கு முன்னாலேயே. எல்லோரும் மத்திய ஸ்வீடன் பக்கத்திலிருந்து வந்து அங்கே வெட்டுப்பட்டுச் செத்தவர்கள். பக்கத்தில் பக்கத்தில் கிடந்த நாலு பேர் உடன்பிறந்தவர்கள் என்று பிறகு மரபணு சோதனையில் தெரிந்தது.

அந்தக் கப்பல்களில் வாள்களோடு கூட நூற்றுக்கணக்கான விளையாட்டுக் காய்கள் கிடந்தன. சண்டைக்கோ தூதுக்கோ கடல் தாண்டிப் போகிறவர்கள் பெட்டியில் காய்களையும் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தர் வாயில் ஒரு காயை வைத்துப் புதைத்திருந்தார்கள். ராஜாக் காய். செத்தவரின் வாயில் அதை வைத்தவர் என்ன நினைத்து வைத்தார் என்று யோசித்துக்கொண்டே அன்றைக்கு ராத்திரி ரொம்ப நேரம் தூங்கவில்லை.

காய்கள் செய்த பொருளுக்கே ஒரு வரலாறு இருக்கு. ஸ்வீடன் கல்லறைகளில் ஆறாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, அதுவரை பெரும்பாலும் மான்கொம்பில் செய்த காய்கள் திடீரென்று திமிங்கல எலும்புக்கு மாறுகின்றன. ஒன்று இரண்டு இல்லை, ஏராளமாக, ஒரே வடிவத்தில். ஒதுங்கிய திமிங்கலத்தை வெட்டி எடுத்தால் இவ்வளவு சீராக எலும்பு கிடைக்காது, வடக்கு நார்வே கடலில் முறையாக வேட்டை நடந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் வாதம். எலும்புப் புரதத்தைச் சோதித்ததில் பெரும்பாலானவை வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம் என்று தெரிந்திருக்கிறது. இன்றைக்கு உலகத்தில் சில நூறு மட்டுமே மிச்சமிருக்கிற இனம். ஒரு பலகை விளையாட்டுக் காய்க்காக ஆர்க்டிக் கடலிலிருந்து ஸ்வீடன் உள்நாட்டுக்கு எலும்பு வணிகம்!

இந்தக் காய்களை வைத்து என்ன ஆடினார்கள்? பழைய இலக்கியங்கள் சொல்லும் பெயர் 'ஹ்னெஃபாதாஃப்ல்'. 'தாஃப்ல்' என்றால் பலகை, லத்தீன் 'தாபுலா'விலிருந்து வந்த சொல். 'ஹ்னெஃபி' என்பது நடுவில் நிற்கிற ராஜாக் காய், அந்தச் சொல்லுக்கு முஷ்டி என்றும் பொருள். நடுவில் ராஜா, சுற்றி அவன் ஆட்கள், விளிம்புகளில் அதைப்போல இரண்டு மடங்கு எதிரிகள். ராஜா தப்பிக்க வேண்டும், எதிரிகள் மடக்க வேண்டும். இரண்டு பக்கமும் சமம் இல்லை, நோக்கமும் ஒன்று இல்லை. ஆடு புலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இந்த உணர்வு சட்டென்று பிடிபடும்.

பலகைகளும் கிடைத்திருக்கின்றன. 1880ல் நார்வேயில் எடுத்த கோக்ஸ்டாட் கப்பலில் இரண்டு பக்கமும் கோடு போட்ட ஒரு பலகையின் துண்டு இருந்தது. அயர்லாந்தின் பாலிண்டெரியில் 1932ல் கிடைத்தது இன்னும் அழகு. ஏழுக்கு ஏழு துளை, குத்துக் காய்கள் செருகி ஆடுவது, பயணத்தில் கப்பல் ஆடினாலும் காய் நகராது. நடுத் துளையையும் நாலு மூலைகளையும் தனியாக அடையாளம் செய்திருக்கிறார்கள். அளவு மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஏழு, ஒன்பது, பதினொன்று, பதிமூன்று.

இதில் பகடை உண்டா என்பதில்தான் அடிதடி. 'ஹெர்வாரர் சாகா' என்ற கதையில் ஓடின் கடவுள் மாறுவேடத்தில் வந்து அரசனிடம் விடுகதை போடுகிறார். அதில் ஒன்று எட்டுக் கொம்பு உள்ள, ஆனால் தலையில்லாத ஒரு பிராணியைப் பற்றியது. விடை ஹ்னெஃபாதாஃப்லில் இருக்கிற ஏதோ ஒன்று. எட்டுக் கொம்பு என்றால் ஒரு கனசதுரத்துக்கு எட்டு மூலை, ஆகவே அது பகடைதான் என்கிறது ஒரு கட்சி. இல்லை, ராஜாவைச் சுற்றி நிற்கிற எட்டு காவலர்கள்தான் அந்தக் கொம்புகள் என்கிறது எதிர்க்கட்சி. எனக்கு இரண்டாவதுதான் பொருந்துகிற மாதிரி இருக்கு. ஆனால் முதல் கட்சிக்கும் சாட்சி உண்டு, சில கல்லறைகளில் காய்களும் பகடைகளும் ஒன்றாகவே கிடக்கின்றன.

அப்படி ஒன்றாகக் கிடந்ததில் பிரபலமானது ஸ்வீடனின் பீர்காவில் 1878ல் யால்மார் ஸ்டோல்பே தோண்டிய கல்லறை, எண் 581. வாள், கோடாரி, ஈட்டி, அம்பு, இரண்டு குதிரை, மடியில் விளையாட்டுக் காய்கள். பார்த்தவுடன் போர்த்தலைவன் என்று முடிவு கட்டினார்கள். 2017ல் மரபணு சோதனை, அது பெண் என்றது. உலகம் முழுக்கச் செய்தி. அந்த ஆய்வுக் குழு ஒரு படி மேலே போய், காய்கள் மடியில் இருப்பதால் இவர் போர் வியூகம் அறிந்த தளபதி என்றது. மற்றவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள், கேரம்போர்டு வைத்திருப்பவன் எல்லாம் தளபதியா என்கிற பாணியில். எனக்கும் அந்தக் கடைசிப் படி கொஞ்சம் தாவல் மாதிரிதான் தெரிகிறது. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள். ஆணென்று நினைத்திருந்த 130 வருஷமும் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

காய் இருக்கு, பலகை இருக்கு, கதை இருக்கு, விடுகதை இருக்கு. எப்படி ஆடுவது என்று ஒரு வரி எழுதி வைத்த வைக்கிங் ஒருத்தரும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதுவார்கள்? என் பாட்டி ஆடிய பல்லாங்குழியில் 'பசு' எடுக்கிற கணக்கு வீட்டில் இப்போது யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பிறகு எப்படித் தெரிந்தது? தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தாரே, கார்ல் லின்னேயஸ், அவரால். 1732ல் அவருக்கு 25 வயது, இன்னும் பெயர் பெறாத ஆள். செடி கொடி ஆராய ஸ்வீடனின் வடக்குக் கோடியான லாப்லாந்துக்குத் தனியாகக் கிளம்பினார். அங்கே வாழ்பவர்கள் ரெயின்டீர் மேய்க்கும் சாமி மக்கள். (பெயர்தான் அப்படி, நம்ம ஊர்ச் சாமிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) அவர்கள் 'தப்லுத்' என்று ஒன்று ஆடுவதைப் பார்த்து நாட்குறிப்பில் லத்தீனில் எழுதி வைத்தார். ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். நடுவில் ராஜா, சுற்றி எட்டு 'ஸ்வீடன்காரர்கள்', வெளியே 16 'மாஸ்கோகாரர்கள்'. ஸ்வீடனும் ரஷ்யாவும் 21 வருஷம் அடித்துக்கொண்ட போர் முடிந்து 11 வருஷம்தான் ஆகியிருந்தது. காய்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. சதுரங்கத்தின் கோட்டைக் காய் மாதிரி எல்லாக் காயும் நேர்க்கோட்டில் எவ்வளவு தூரமும் போகலாம். எதிரியின் இரண்டு காய் நடுவே மாட்டினால் வெட்டு. ராஜா விளிம்பைத் தொட்டால் வெற்றி. தப்பிக்க ஒரு வழி திறந்தால் 'ரைச்சி' என்று சொல்ல வேண்டும், இரண்டு வழி திறந்தால் 'துய்ச்சு'. பகடை கிடையாது.

ஸ்காண்டிநேவியாவில் மற்ற இடங்களில் சதுரங்கம் வந்து விழுங்கிவிட்ட பழைய ஆட்டம், வடக்கு மூலையில் இந்த மக்களிடம் உயிரோடு இருந்திருக்கிறது. அவர்கள் மொழி தெரியாத ஒருத்தர் பார்த்து எழுதியதுதான் நமக்குக் கிடைத்த முழுமையான விதி. இத்தனைக்கும் அது தாஃப்ல் என்று லின்னேயஸுக்கே தெரியாது.

இதற்கு அப்புறம்தான் கூத்து. லின்னேயஸ் காலத்துக்குப் பிறகு அவருடைய சேகரிப்பு முழுவதையும் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1784ல் விலைக்கு வாங்கி லண்டனுக்குக் கொண்டுவந்தார். அந்த லாப்லாந்து நாட்குறிப்பு 1811ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதில் வெட்டு விதியில் ஒரு சொல் புரண்டுவிட்டது. இரண்டு எதிரிக்கு நடுவே மாட்டினால் எந்தக் காயும் வெட்டு, ராஜாவும்தான் என்பது லின்னேயஸ் எழுதியது. ஆங்கிலத்தில் அது ராஜா நீங்கலாக என்று ஆகிவிட்டது. உண்மையில் ராஜா நடு வீட்டில் உட்கார்ந்திருந்தால் நாலு பக்கமும் மடக்க வேண்டும், அதன் பக்கத்துக் கட்டத்தில் இருந்தால் மூன்று பக்கம், மற்ற இடத்திலெல்லாம் சாதாரணக் காய் மாதிரி இரண்டு பேர் போதும். மொழிபெயர்ப்பின்படி ராஜாவை வெட்டவெளியிலும் நாலு பேர் சுற்றினால்தான் பிடிக்க முடியும்.

ஆடிப் பாருங்கள், ராஜா கை ஓங்கிக்கொண்டே போகும். 1913ல் சதுரங்க வரலாற்றை எழுதிய எச்.ஜே.ஆர். மர்ரே இந்த ஆங்கில வாசகத்தைத்தான் நம்பினார். அவர் எழுதியதை மற்றவர்கள் நம்பினார்கள். பெட்டிகளில் போட்டு விற்றவர்களும் அதையே அச்சடித்தார்கள். ஆட்டம் சரிவரவில்லை என்று தெரிந்தவுடன் ஆளாளுக்கு ஒட்டுப்போட்டார்கள். விளிம்பு போதாது, மூலைக்குத்தான் போக வேண்டும் என்று ஒருத்தர். ராஜா ஒரு கட்டம்தான் நகரலாம் என்று இன்னொருத்தர். ஹ்னெஃபாதாஃப்ல் ஆடுகிற பத்துப் பேரைக் கேட்டால் பத்து விதி சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மூல லத்தீனுக்குத் திரும்பிப் போய் யாராவது படித்திருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். அது நடந்தது இந்த நூற்றாண்டில்தான். மூலத்தின்படி ஆடினால் ஆட்டம் கிட்டத்தட்டச் சமமாகவே வருகிறது.

சதுரங்கம் வந்து விழுங்கியது என்றேன் அல்லவா. விழுங்கியதன் அழகான சாட்சி ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831ல் கிடைத்தது. கடல்யானைத் தந்தத்தில் 12ஆம் நூற்றாண்டில், அநேகமாக நார்வேயின் டிரோன்ட்ஹைமில் செய்த சதுரங்கக் காய்கள். அந்தத் தீவு அப்போது நார்வே அரசனுக்குக் கீழே இருந்தது. கோட்டை நிற்க வேண்டிய இடத்தில் வாளும் கேடயமுமாகக் காவலர்கள். அதில் சிலர் முழி பிதுங்கக் கேடயத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வெறி பிடித்துச் சண்டை போடும் 'பெர்செர்க்கர்' வீரர்கள் என்று பழைய கதைகளில் வருவார்களே, அவர்கள்தான், சதுரங்கப் பலகையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள்.

மருமகனின் பெட்டி மாதிரியே இங்கேயும் 'செட்' சேர்க்கிற விளையாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று கிடைத்த சதுரங்கக் காய்கள் 78. எட்டு ராஜா, எட்டு ராணி, 16 மந்திரி, 15 குதிரை, 12 காவலர், 19 சிப்பாய். நாலு செட் என்று கணக்கு வைத்தால் ஒரு குதிரையும் நாலு காவலர்களும் 45 சிப்பாய்களும் குறைகிறார்கள். 188 வருஷம் அந்தக் கணக்கு அப்படியே நின்றது. 2019ல் எடின்பரோவில் ஒரு குடும்பம், தாத்தா வாங்கிவைத்த ஒரு சின்னப் பொம்மையை மதிப்புப் பார்க்க சோதபீஸ் ஏல நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்டு போனது. பழம்பொருள் வியாபாரியான அந்தத் தாத்தா 1964ல் ஐந்து பவுண்டுக்கு வாங்கி, வீட்டு மேசை இழுப்பறையில் போட்டிருந்தார். காணாமல் போன காவலர்களில் ஒருத்தர்! 7,35,000 பவுண்டுக்கு ஏலம் போனார். இன்னும் மூன்று காவலர், ஒரு குதிரை, ஒரு கூட்டம் சிப்பாய் பாக்கி.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அக்கா வீடு. இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். ஓலாஃபின் பிளந்த பகடைக்கு மட்டும் கண்ணை விரித்தான். "அப்போ பதில் ஆமாவா இல்லையா மாமா?" பகடை உருட்டியிருக்காங்கடா, ஆனா பெட்டியில பத்திரப்படுத்திச் சாகும்போதும் கூட எடுத்துட்டுப் போனது இது இல்லை, வேற ஒண்ணு, என்றேன். சரி, அதை ஆடலாம் என்றான்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் ஒன்பதுக்கு ஒன்பது கட்டம் போட்டோம். வெள்ளைச் சட்டைப் பொத்தான் எட்டு, புளியங்கொட்டை 16, ராஜாவுக்கு அந்தப் பெட்டியிலிருந்தே ஒரு பகடை, கப்பல் படம் மேலே இருக்கிற மாதிரி. முதல் ஆட்டம் நான் ராஜா, தப்பித்தேன். இரண்டாவதில் புளியங்கொட்டைகள் என்னை எங்கேயும் நகரவிடவில்லை. மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் என் கொட்டை இரண்டுக்கு இடையில் அவன் ராஜா தானாக வந்து மாட்டியது. எடுத்தேன். "ராஜாவை எப்படி ரெண்டு பேர் வெட்டலாம்?" என்று சண்டை.

சண்டை முடிந்த பிறகு அவனே ஒரு தாளில் விதிகளை எழுதி, பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டிவிட்டான். நாலாவது விதியில் "ராஜாவும்தான்" என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறான்.